நள்ளிரவில் வற்றும் ஆறு

கொல்கத்தாவின் சியால்தா நிலையத்தில் கானிங் லோக்கல் ரயிலைப் பிடித்தால் ஒன்றரை மணி நேரத்துக்குள் நகரம் தீர்ந்துபோய் உப்புக்காற்று வீசத் தொடங்கிவிடுகிறது. எதிரே வரும் காலை ரயில்களில், கொல்கத்தா வீடுகளில் சமைக்கவும் பாத்திரம் கழுவவும் போகிற பெண்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறார்கள். கானிங், ஆங்கிலேயர்கள் 1860களில் கொல்கத்தாவுக்கு மாற்றாக ஒரு துறைமுகம் கட்டிப் பார்த்துத் தோற்ற ஊர். 1867ல் அடித்த புயலோடு அந்தக் கனவு போயிற்று. அங்கிருந்து சாலை வழியாகக் கட்காலி படித்துறை. படகில் ஆற்றைக் கடந்தால் கோசாபா.

நான் ஏறிய படகில் கோழிக் கூடைகள், ஐஸ் பெட்டிகள், இரண்டு மோட்டார் சைக்கிள்கள் இவற்றோடு நான்கு பேட்டரிகளும் ஏறின. ஒவ்வொன்றையும் இரண்டு ஆட்கள் பிடித்துத் தூக்கிவந்தார்கள். புலியைத் தேடி வந்திருந்த சுற்றுலாக் கூட்டம் காமிராவைக் கரைப் பக்கமே திருப்பி வைத்திருந்தது. எனக்குக் கண் அந்தப் பேட்டரிகள் மேல். இந்தத் தீவுகளில் மின்கம்பி போகாத இடத்தில், இருட்டில், எப்படி வேலை பார்க்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளத்தான் நான் வந்திருந்தேன்.

படிப்பதற்கும் சமைப்பதற்கும் விளக்கு வேண்டும் என்பது எல்லா ஊருக்கும் பொது. நடுராத்திரியில் மண் வெட்டிப் போட விளக்கு வேண்டும் என்பது சுந்தரவனத்தின் பிரச்சினை. காரணம், கரை.

மேற்கு வங்கச் சுந்தரவனத்தில் 102 தீவுகள். அவற்றில் 54ல் மக்கள் வசிக்கிறார்கள், மற்றவை காடு. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் காட்டை அழித்துக் குடியேற்றம் தொடங்கியபோது, வண்டல் படிந்து நிலம் உயர்வதற்கு முன்பே சுற்றிலும் மண்கரை எழுப்பிவிட்டார்கள். விளைவு, பல தீவுகளில் வயலும் வீடும் ஆற்றின் ஏற்ற மட்டத்துக்குக் கீழே கிடக்கின்றன. வெளியே உப்பாறு, உள்ளே நெல். நடுவில் சுமார் 3,500 கி.மீ. நீளத்துக்குக் கரை. ஏற்றத்தின்போது படகிலிருந்து பார்த்தால் கரைக்கு அப்பால் தென்னங்கீற்றும் கூரை முகடும் மட்டுமே தெரியும். வீட்டுக்குள் இருப்பவரின் தலைக்கு மேல் நாம் மிதந்துகொண்டிருக்கிறோம் என்பது உறைக்கக் கொஞ்ச நேரம் ஆகும்.

கடல் நாளுக்கு இரண்டு முறை இந்த ஆறுகளில் ஏறி, இரண்டு முறை வற்றுகிறது. ஒரு வற்றத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம். இன்று மாலை நாலு மணிக்கு வற்றினால் நாளை மாலை ஐந்தடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது வற்றும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வரும் பெரிய ஏற்றத்தை வங்காளிகள் ‘பரா கோட்டால்’ என்கிறார்கள். அஷ்டமியை ஒட்டி அடங்கிக் கிடப்பது ‘மரா கோட்டால்’. நிறைந்தது ஒன்று, செத்தது ஒன்று. பழந்தமிழில் அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் சேர்த்து ‘உவா’ என்று ஒரு சொல் இருந்தது: காருவா, வெள்ளுவா. கடல் ஏறுவது ஓதம், உப்பாறு கழி, சேற்றுக்காட்டு மரம் கண்டல். நெய்தல் திணையைப் பரீட்சைக்காக மனப்பாடம் செய்தவர்கள் ஒருமுறை கோசாபா வரை வந்துபோகலாம். அகராதியில் தங்கிவிட்ட அத்தனை சொற்களும் இங்கே கண்ணெதிரே ஏறி இறங்குகின்றன.

கரை உடைந்தால் அதை அடைக்க முடிவது வற்றத்தில் மட்டும்தான். தண்ணீர் இறங்கி உடைப்பின் அடி தெரிவதிலிருந்து, மறுபடி ஏறி அதை மூடும்வரை நாலைந்து மணி நேரம் கிடைக்கும். அதற்குள் மூங்கில் அடித்து, மண் சாக்கு அடுக்கி, களிமண் கொட்டி மிதித்து, வரப்போகும் ஏற்றத்தின் மட்டத்துக்கு மேல் உயர்த்திவிட வேண்டும். பாதியில் விட்டால் வரும் தண்ணீர் போட்ட மண்ணையும் அரித்துக்கொண்டு, வாயை இன்னும் அகலமாக்கிவிட்டுப் போகும். நாளின் இரண்டு வற்றங்களில் ஒன்று அநேகமாக எப்போதும் இருட்டில்தான் வருகிறது. விடியட்டும் பார்க்கலாம் என்று இருந்தால் இடையில் ஓர் ஏற்றம் ஊருக்குள் புகுந்து போயிருக்கும்.

அது விட்டுப்போவது உப்பு. 2009 மே 25ல் ஐலா புயல் கரைகளைப் பிளந்து போட்டபின், பல ஊர்களில் இரண்டு மூன்று ஆண்டுகள் நெல் சரியாக விளையவில்லை. குளத்து மீன் செத்தது. ஆண்கள் கேரளாவுக்கும் தமிழ்நாட்டுக்கும் அந்தமானுக்கும் கூலி வேலைக்குப் போனார்கள். திருப்பூரிலும் சென்னையிலும் கட்டட வேலை பார்க்கும் வங்காள இளைஞர்களிடம் பேச்சுக் கொடுத்தால் ஐலா என்ற பெயர் இன்றும் வரும். உடைந்த கரைகளைத் திரும்பக் கட்ட அப்போது வகுத்த சுமார் 5,000 கோடி ரூபாய்த் திட்டம், நிலம் கிடைக்காத சிக்கலில் ஒரு பகுதியோடு நின்றது. மற்ற இடங்களில் இன்னும் மண்ணை நம்பித்தான் வாழ்க்கை. 2021 மே 26ல் வந்த யாஸ் புயல் கரை கடந்தது என்னவோ ஒடிசாவில்தான். ஆனால் அன்று பௌர்ணமி. ஓதமும் புயலும் சேர்ந்து சாகர், மௌசுனி, கோராமாரா, கோசாபா எங்கும் கரைக்கு மேலே வழிந்தன. 2024ல் ரெமால் புயல் கரையேறியது மே 26 இரவில்.

இந்தத் தீவுகளின் வெளிச்சத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு. முதலில் மண்ணெண்ணெய். கல்யாணத்துக்கும் ஜாத்ரா நாடகத்துக்கும் கரை வேலைக்கும் நம்மூர் பெட்ரோமாக்ஸ்தான். இங்கே அதற்கு ‘ஹேஜாக்’ என்று பெயர். ஹசாக் என்ற ஜெர்மன் கம்பெனியின் பெயர் வங்காள நாக்கில் அப்படி ஆகிவிட்டது. பிரகாசமான விளக்குதான். ஆனால் சூடான கண்ணாடியில் மழைத்துளி பட்டால் விரிசல் விடும், காற்று அடித்தால் மேண்டில் உதிர்ந்துவிடும். புயல் இரவுக்கு ஆகாது. பிறகு 12 வோல்ட் பேட்டரி வந்தது, கரைக்காக அல்ல, கறுப்பு வெள்ளை டி.வி.க்காக. சைக்கிள் வேனில் ஏற்றிக் கடைத்தெருவுக்கு அனுப்பி, சார்ஜ் ஏற்றித் திரும்பக் கொண்டுவருவார்கள்.

1996ல் சாகர் தீவின் கமல்பூரில் சூரிய மின் நிலையம் வந்தது. 1997ல் கோசாபாவில் விறகை வாயுவாக்கி மின்சாரம் எடுக்கும் 500 கிலோவாட் நிலையம். நாடு முழுக்கப் பேசப்பட்ட முயற்சிகள் இவை. மாலையில் சில மணி நேரம் விளக்கு எரிந்தது, கடைத்தெரு விழித்திருந்தது. பின்னர் ஆற்றின் குறுக்கே உயரமான கோபுரங்களில் மின்கம்பி வந்து சேர்ந்ததும் அவற்றின் காலம் முடிந்தது. இன்று பெரும்பாலான வீடுகளில் மீட்டர் ஓடுகிறது.

அப்படியானால் படகில் வந்த பேட்டரிகளுக்கு என்ன வேலை? கரை, வீடுகளிலிருந்து விலகி இருக்கிறது. மின்கம்பம் பார்த்து அது உடைவதில்லை. புயலில் கம்பங்கள்தான் முதலில் சாய்கின்றன. சாயாத இடங்களிலும் முன்னெச்சரிக்கையாக மின்சாரத்தை நிறுத்திவிடுவார்கள், அதுதான் சரியும்கூட. ஆக, கரைக்கு வெளிச்சம் கட்டாயம் வேண்டிய இரவில்தான் தீவு முழுக்க இருட்டு.

டீசல் ஜெனரேட்டர் இருக்கிறதே என்று கேட்டேன். இருக்கிறது. சேற்றில் அதை நகர்த்த ஆறு பேர் வேண்டும், டீசல் படகில் வர வேண்டும், ஒருமுறை நனைந்தால் கிளம்பாது. இவையெல்லாம் நானே ஊகித்திருக்கக்கூடியவை. கரையில் வேலை பார்த்த ஒரு பெரியவர் சொன்ன காரணத்தை ஊகித்திருக்க முடியாது. கரை விடுவதற்கு முன் சத்தம் கொடுக்குமாம். மண் உட்பக்கமாகச் சரியும், நண்டு வளை வழியாகத் தண்ணீர் சலசலவென்று கசியும். இருட்டில் வேலை செய்பவர்களுக்குக் காதுதான் காவல். பக்கத்தில் ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருந்தால் அது எப்படிக் கேட்கும் என்றார்.

கோசாபாவுக்குத் தெற்கே ஒரு தீவில் டோட்டோ ஓட்டும் இளைஞரைச் சந்தித்தேன். டோட்டோ என்பது இங்கே பேட்டரி ரிக்‌ஷா. கரையின் மேல் செங்கல் பாவிய பாதைதான் அதற்கு நெடுஞ்சாலை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மழைக்காலப் பௌர்ணமியில் அவர் ஊர்க் கரை இருபதடிக்கு விட்டுவிட்டது. நள்ளிரவு தாண்டித்தான் வற்றம். முதலில் டார்ச்சும் செல்போன் வெளிச்சமும் வைத்து வேலை தொடங்கினார்கள். டார்ச் பிடிக்கும் ஒவ்வொரு கையும் மண் சுமக்காத கை. அடுத்து யாரோ ஒரு வீட்டு இன்வெர்ட்டரைக் கொண்டுவந்து, 230 வோல்ட் விளக்கை மூங்கிலில் கட்டினார்கள். முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்த ஒருவர் ஒயரைத் தொட்டுத் தூக்கி எறியப்பட்டார். பிழைத்துக்கொண்டார். அதோடு அதை அணைத்துவிட்டார்கள்.

மூன்றாவதாக அழைக்கப்பட்டதுதான் டோட்டோ. “தாதா, உன் வண்டி பேட்டரியைக் கொஞ்சம் கொடு” என்று வயதில் மூத்தவர்களே கெஞ்சினார்களாம். அதில் நான்கு 12 வோல்ட் பேட்டரிகள் வரிசையாக இணைந்து 48 வோல்ட். கடைத்தெருவில் ரிப்பேர் வேலை பார்க்கும் ஒரு பையன், டோட்டோ முகப்புக்கென்று விற்கும் எல்.ஈ.டி. விளக்குகளில் ஆறை எடுத்துவந்தான். 12லிருந்து 80 வோல்ட் வரை எதைக் கொடுத்தாலும் எரியும் ரகம். ஒன்று இருபது வாட். ஆறும் சேர்ந்து, பழைய 500 வாட் ஹாலோஜன் ஒன்றுக்கு ஏறத்தாழ ஈடான வெளிச்சம். மின்சாரமோ நாலில் ஒரு பங்கு.

48 வோல்ட் என்பதில்தான் சூட்சுமம். அந்தப் பையன் எனக்கு அதை ஒரு சிகரெட் அட்டையின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக் காட்டினான். பேட்டரி பாதையில் இருக்கிறது, உடைப்பு இருபது மீட்டர் தள்ளி. போக வர நாற்பது மீட்டர் செம்புக் கம்பி, இரண்டரை சதுர மில்லிமீட்டர் கனம். 120 வாட் விளக்குகளை 12 வோல்ட்டில் எரித்தால் பத்து ஆம்பியர் ஓடும், வழியிலேயே 2.8 வோல்ட், அதாவது கிட்டத்தட்டக் கால் பங்கு, கம்பியைச் சூடாக்குவதில் போய்விடும். அதே விளக்குகள் 48 வோல்ட்டில் இரண்டரை ஆம்பியர்தான் இழுக்கும். இழப்பு நூற்றுக்கு ஒன்றரை. பேட்டரியை மாற்றவில்லை, விளக்கை மாற்றவில்லை, வோல்ட்டை மட்டும் உயர்த்தினால் இத்தனை மிச்சம். ஈரக் கையோடு வேலை செய்கிறவர்களுக்கு 230 வோல்ட்டைவிட இதில் ஆபத்தும் மிகக் குறைவு. ஆனால் இரண்டு முனையும் ஒன்றோடொன்று பட்டால் கம்பி பழுத்துத் தீப்பிடிக்கும். ஃபியூஸ் போடாமல் இணைக்கவே கூடாது. இதையும் அவன்தான் சொன்னான். அவன் படித்தது பத்தாவது.

வெளிச்சத்தை எங்கே வைப்பது என்பது தனி வித்தை. முதலில் ஆறு விளக்கையும் ஒரே மூங்கிலில் உயரக் கட்டினார்கள். மண்வெட்டி போடுகிறவரின் நிழல் அவர் வெட்டும் இடத்திலேயே விழுந்தது. பள்ளம் எது, மேடு எது என்று தெரியவில்லை. மண் கட்டிகளைக் கைமாற்றிக் கொடுக்கும் வரிசையில் பெரும்பாலும் பெண்கள். எதிரே பார்த்தால் கண் கூசுகிறது என்று அவர்கள்தான் முதலில் சத்தம் போட்டார்கள். பிறகு உடைப்பின் இரு பக்கமும் மூன்று மூன்றாகப் பிரித்து, ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே, கீழ்நோக்கிச் சாய்த்துக் கட்டினார்கள். ஒரு பக்கத்து நிழலை மறுபக்கத்து விளக்கு அழித்தது. ஆற்றை நோக்கி ஒன்றும் வைக்கவில்லை. மண் ஏற்றிவரும் படகுக்காரர் கண்ணில் அடித்தால் அவர் கரையிலேயே வந்து மோதுவார். மழைக்காலத்து வெள்ளை விளக்கில் பூச்சிகள் வாய்க்குள்ளும் போகின்றன. மஞ்சள் விளக்காக இருந்தால் தொல்லை குறையும். கடையில் அன்று வெள்ளைதான் இருந்தது.

உடைப்பை விடிவதற்குள் அடைத்துவிட்டார்கள். ஐந்து மணி நேரத்துக்கு 600 வாட்-மணி செலவு. டோட்டோவின் நான்கு பேட்டரியிலும் சேர்த்து 4,800 வாட்-மணி இருக்கும். ஈய பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கக் கூடாது என்பதால் உபயோகத்துக்குப் பாதி. அதிலும் கால் பங்குதான் கரைக்குப் போயிருக்கிறது. பிரமாதமான கணக்கு. ஆனால் டோட்டோக்காரர் அதற்கு முன்தினம் பகல் முழுக்க வண்டி ஓட்டியிருந்தார். அன்றிரவு சார்ஜ் ஏற்ற வேண்டிய நேரத்தில் வண்டி கரையில் நின்றது. விடிந்தபின் தீவில் மின்சாரம் இல்லை, ஆறு நாளைக்கு.

ஈய பேட்டரி காலியாகக் கிடந்தால் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிவிடும். நான்கில் ஒன்று அப்படிப் போயிற்று. வரிசையில் ஒன்று நலிந்தால் மற்ற மூன்றையும் அது இழுத்துக்கொண்டு போகும். வண்டி பாதி தூரம்தான் ஓடியது. பேட்டரிகளே தவணையில் வாங்கியவை. பஞ்சாயத்தில் கேட்டதற்கு, மூங்கிலுக்கும் சாக்குக்கும் கணக்கெழுத இடம் உண்டு, டோட்டோ பேட்டரிக்கு எந்தத் தலைப்பில் எழுதுவது என்று பதில் வந்ததாம். அவர் இதைக் கோபமில்லாமல் சொன்னார். அவருடைய இரண்டு பிகா நிலமும் அந்தக் கரைக்குப் பின்னால்தான் இருக்கிறது.

சூரியத் தகடு வைத்தால் என்ன? வைக்கலாம்; புயலுக்குப் பின் வரும் நாட்களில் மேகம் அதன் உற்பத்தியைப் பாதிக்கும் கீழே இறக்கிவிடும் என்பதை மறக்காமல் வைக்க வேண்டும். லித்தியம் பேட்டரி? 150 ஆம்பியர்-மணி ஈய பேட்டரி ஐம்பது கிலோவுக்கு மேல் எடை, அதில் நம்பி எடுக்கக்கூடியது 900 வாட்-மணி. 100 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி பன்னிரண்டு கிலோ சுமார், ஆயிரத்துக்கு மேல் தரும். ஒரு பெண் தலையில் வைத்துக்கொண்டு சேற்றில் நடந்துவிடலாம். பாதி சார்ஜில் மாதக்கணக்கில் கிடந்தாலும் கெடாது. வருஷத்தில் நாலைந்து இரவுகள் மட்டும் தேவைப்படும் விளக்குக்கு இதைவிடப் பொருத்தமானது வேறில்லை என்றே எனக்குப் பட்டது. கடைத்தெருப் பையன் மட்டும் முகம் சுளித்தான். ஈய பேட்டரி கெட்டால் அவன் திறந்து பார்ப்பான், காய்ச்சி வடித்த தண்ணீர் ஊற்றுவான், ஒன்றும் முடியாவிட்டால் பழைய ஈய விலைக்கு எடுத்துக்கொள்வான். லித்தியத்துக்குள் இருக்கும் கட்டுப்பாட்டுப் பலகை போனால் கொல்கத்தாவுக்குத்தான் அனுப்ப வேண்டும். புயல் இரவில் அனுப்ப முடியுமா என்று கேட்டான். அவன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அந்தப் பலகையை ரிப்பேர் செய்யத் தீவில் இரண்டு பேருக்குக் கற்றுக்கொடுப்பது, பேட்டரி வாங்கும் செலவோடு ஒப்பிட்டால் பெரிய காசில்லை என்பதும் நியாயம்தான்.

வெளியூரிலிருந்து நன்கொடையாக வரும் வெளிச்சத்தைப் பற்றி அந்த ஊருக்கு ஓர் அனுபவம் உண்டு. ஒரு புயல் காப்பகத்தின் வாசலில் மூன்று சூரியத் தெருவிளக்குகளைப் பார்த்தேன். தகடு இருக்கிறது, விளக்கு இருக்கிறது. கம்பத்தின் அடியில் பேட்டரிப் பெட்டி திறந்து கிடந்தது. உள்ளே ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. இரண்டு மூன்று ஆண்டில் பேட்டரி தீர்ந்ததும் மாற்றுவதற்கென்று யாரும் பணம் ஒதுக்கவில்லை. திறப்பு விழாக் கல்வெட்டு மட்டும் நன்றாகத் தெரிகிறது. அந்த வெளிச்சம் எரிந்திருந்தாலும் காப்பக வாசலைத்தான் காட்டியிருக்கும். கரை அங்கிருந்து அரை கிலோமீட்டர்.

டோட்டோக்காரரின் ஊர் இப்போது தானே ஓர் ஏற்பாடு செய்திருக்கிறது. பெண்கள் சுயஉதவிக் குழு வீட்டுக்கு இருபது ரூபாய் வசூலித்து எட்டு விளக்குகளும் அறுபது மீட்டர் கம்பியும் வாங்கியது. இந்த முறை மஞ்சள் விளக்கு. ஊரில் ஏழு டோட்டோக்கள். பரா கோட்டால் வரும் நாட்களில், மழை மாதங்களில், முறை வைத்து ஒரு வண்டி பகலில் ஓடாமல் முழுச் சார்ஜோடு நிற்கும். அன்றைய வருமானத்தைக் குழு கொடுத்துவிடும். கரை விடாவிட்டாலும் கொடுத்துவிடும். பேட்டரி கெட்டால் யார் பொறுப்பு என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை. நான் இருந்த மாலையிலும் அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். பாதி விலையைக் குழு ஏற்கும் என்றார் ஒருவர். பாதி என்றால் எந்த விலையில் பாதி, புதியதிலா பழையதிலா என்றார் டோட்டோக்காரர்.

விளக்குகளையும் கம்பியையும் எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். ஒரு வீட்டுக்கு அழைத்துப்போய்ப் பரணில் பாலிதீன் சுற்றிக் கட்டித் தொங்கவிட்டிருந்த மூட்டையைக் காட்டினார்கள். ஐலாவின்போது தண்ணீர் எதுவரை வந்தது என்று சுவரில் கரியால் ஒரு கோடு இருக்கிறது. மூட்டை அதற்கு ஒரு முழம் மேலே.